செக்கு எண்ணெயா, பாக்கெட் எண்ணெயா? அடுப்படிக்கு வரும் ஆறு எண்ணெய்கள்: ஒரு மதிப்பீடு

முடிவை முதலில் சொல்லிவிடுகிறோம். மரச்செக்குக் கடலை எண்ணெய் நல்ல பொருள். மணத்துக்காகவும், கண்ணெதிரே ஆட்டித் தரும் நம்பிக்கைக்காகவும் கூடுதல் விலை கொடுத்து வாங்கலாம். அது மாரடைப்பைத் தடுக்கும் என்று எண்ணி வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். ரீபைண்ட் சூரியகாந்தி எண்ணெய் விஷமும் அல்ல, இதயத்துக்கான மருந்தும் அல்ல. இதயத்தைப் பொறுத்தவரை, எந்தப் பாட்டில் என்ற கேள்வியைவிட எத்தனை கரண்டி, எத்தனை முறை சூடாக்கியது, எதற்குப் பதிலாக வந்தது என்ற மூன்று கேள்விகளுக்குத்தான் எடை அதிகம்.

செக்குக் கடலை எண்ணெய், செக்கு நல்லெண்ணெய், செக்குத் தேங்காய் எண்ணெய், ரீபைண்ட் சூரியகாந்தி, ரீபைண்ட் தவிட்டு எண்ணெய், ரேஷன் பாமாயில் ஆகிய ஆறையும் இங்கே எடுத்துக்கொள்கிறோம். எந்த நிறுவனத்தின் பெயரையும் சொல்லப் போவதில்லை. ஒரே வகை எண்ணெய்க்குள் நிறுவனத்துக்கு நிறுவனம் உள்ள வேறுபாட்டைவிட வகைக்கு வகை உள்ள வேறுபாடு பெரிது.

'விதை எண்ணெய்' என்ற சொல்

'விதை எண்ணெய் உடலைக் கெடுக்கும்' என்ற பேச்சு அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே அந்தச் சொல்லுக்குப் பொருள் சோயா, சோளம், கனோலா, பருத்திவிதை, சூரியகாந்தி போன்ற எண்ணெய்கள். அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கே பலர் சூரியகாந்தியை நிறுத்தி நல்லெண்ணெய்க்கு மாறுகிறார்கள். எள் என்ன, விதைதானே? நிலக்கடலையும் விதைதான். அந்தப் பேச்சில் குற்றவாளிக் கூண்டில் நிற்கும் பொருள் லினோலிக் அமிலம், அதாவது ஒமேகா 6 கொழுப்பு. சூரியகாந்தி எண்ணெயில் அது சுமார் 60 சதவீதம். நல்லெண்ணெயில் 40 சதவீதத்துக்கு மேல். கடலை எண்ணெயில் ஏறக்குறைய 30. தவிட்டு எண்ணெயில் 33 அளவில். பாமாயிலில் 10, தேங்காய் எண்ணெயில் 2 மட்டுமே. செக்கில் ஆட்டினாலும் ஆலையில் பிழிந்தாலும் இந்த விகிதம் மாறாது. லினோலிக் அமிலத்துக்கு அஞ்சுகிறவர் செக்கு நல்லெண்ணெய்க்கு மாறினால், எதற்கு அஞ்சினாரோ அதில் மூன்றில் இரண்டு பங்கு கூடவே வரும்.

அந்த அச்சத்துக்கு அடிப்படை உண்டா? உண்டு. அதை மறைத்துவிட்டு ஆறுதல் சொல்வது நேர்மை ஆகாது. ஆஸ்திரேலியாவில் 1966 முதல் 1973 வரை நடந்த சிட்னி ஆய்வில், இதய நோய் கண்டு மீண்ட 458 ஆண்களில் ஒரு பகுதியினருக்கு, லினோலிக் நிறைந்த குசும்பா (சாஃப்ளவர்) எண்ணெயும் அதில் செய்த மார்கரினும் கொடுத்தார்கள். பழைய தரவுகளை கிறிஸ்டோபர் ராம்ஸ்டன் குழுவினர் தேடி எடுத்து 2013இல் மீண்டும் கணக்கிட்டபோது, எண்ணெய் மாற்றியவர்களில் 17.6 சதவீதமும் மாற்றாதவர்களில் 11.8 சதவீதமும் இறந்திருந்தது தெரிந்தது. அதே குழு 2016இல் அமெரிக்காவின் மினசோட்டா ஆய்வையும் மீட்டெடுத்தது. அதில் 9,423 பேர். சோள எண்ணெய் கொடுத்ததில் கொலஸ்ட்ரால் நன்றாகவே குறைந்தது, ஆனால் இறப்பு குறையவில்லை. விதை எண்ணெய்க்கு எதிராகப் பேசுவோர் கையில் உள்ள மிக வலுவான சான்றுகள் இவை இரண்டும்தான்.

இந்த இரண்டிலும் ஓட்டைகள் உண்டு. சிட்னி ஆய்வில் கொடுத்த மார்கரின் அந்தக் காலத்துச் சரக்கு. எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உண்டாகி இதயத்தைக் கெடுக்கும் டிரான்ஸ் கொழுப்பு அதில் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். மினசோட்டாவில் பெரும்பாலானோர் மனநல மருத்துவமனைகளில் வந்து போய்க்கொண்டிருந்தவர்கள். ஓராண்டுக்கு மேல் அந்த உணவைச் சாப்பிட்டவர்கள் 2,355 பேர் மட்டுமே. ரத்தக்குழாயில் கொழுப்பு படிவது பல ஆண்டு வேலை. ஓராண்டில் அது எப்படித் தெரியும்?

மறுபுறம், லாஸ் ஏஞ்சலஸில் முன்னாள் படைவீரர்கள் 846 பேரை எட்டாண்டு வரை கவனித்த ஆய்வு 1969இல் வெளியானது. சோளம், சோயா, குசும்பா, பருத்திவிதை எண்ணெய்கள் கொடுத்த பிரிவில் ரத்தக்குழாய் அடைப்பு தொடர்பான இறப்பு 48. வழக்கமான உணவுப் பிரிவில் 70. 2019இல் 13 நாடுகளின் 30 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். உணவு நினைவைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் ரத்தத்திலும் திசுவிலும் உள்ள லினோலிக் அமிலத்தை நேராக அளந்த ஆய்வுகள் அவை. 68,659 பேரில், லினோலிக் அதிகம் இருந்தவர்களுக்கு இதய நோய் குறைவாகவே இருந்தது. லினோலிக் அமிலம் உடலில் அரக்கிடோனிக் அமிலமாக மாறி அழற்சியைக் கூட்டும் என்பது காகிதத்தில் சரியாக இருக்கிறது. உண்மையில் உணவில் லினோலிக்கைக் கூட்டினாலும் உடலில் அரக்கிடோனிக் அளவு பெரிதாக ஏறுவதில்லை.

நெய், வெண்ணெய், பாமாயில் போன்றவற்றின் நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்த சோதனைகளை மருத்துவ ஆய்வுகளை அலசித் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு 2020இல் தொகுத்தது. இரண்டாண்டுக்கு மேல் குறைத்தவர்களுக்கு இதய, ரத்தக்குழாய் நிகழ்வுகள் 17 சதவீதம் குறைந்தன. மொத்த இறப்பில் பெரிய வேறுபாடு இல்லை. குறைத்த இடத்தில் என்ன வைத்தார்கள் என்பது இங்கே முக்கியம். நெய்யை நிறுத்திவிட்டு அந்தப் பசிக்கு மைதா பிஸ்கட்டும் சர்க்கரை போட்ட காபியும் வந்தால் இதயத்துக்கு ஒரு லாபமும் இல்லை. சோறும் இட்லியும் ஏற்கெனவே தட்டில் முக்கால் பங்கை நிறைக்கும் நம் ஊரில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

செக்குக் கடலை எண்ணெய்

ஆறில் எங்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான். அதனாலேயே கூடுதல் கண்டிப்போடு பார்க்கிறோம்.

வாகை மர உரலில் உலக்கை சுற்றும் செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் 2.4 கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். பருப்பில் கிட்டத்தட்ட பாதி எண்ணெய்தான் என்றாலும், செக்கின் அழுத்தம் எல்லாவற்றையும் கறந்துவிடாது. மிச்சம் புண்ணாக்கோடு போகும். செக்கு ஆட்டிய புண்ணாக்கு மாடுகளுக்குப் பிடித்தமாக இருப்பதற்கு அதுவே காரணம். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டால் கலப்படத்தைக் கடை வாசலிலேயே பிடிக்கலாம். பருப்பு கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.4 கிலோவுக்கு 288 ரூபாய். மிஞ்சும் 1.4 கிலோ புண்ணாக்கைக் கிலோ 40க்கு விற்றால் 56 ரூபாய் திரும்பி வரும். மீதி 232. ஆட்டுக்கூலி, பாட்டில், கடை வாடகை எல்லாம் அதற்கு மேல். அந்தப் பருப்பு விலைக்கு 'சுத்தமான மரச்செக்கு' என்று 180 ரூபாய்க்கு ஒருவர் கொடுத்தால், உள்ளே பாமாயிலோ வேறு மலிவு எண்ணெயோ இருக்கிறது. அன்றைய பருப்பு விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள். ஒரு கிலோவா, ஒரு லிட்டரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் எண்ணெயின் எடை 910 கிராம்தான். கிலோ விலையையும் லிட்டர் விலையையும் ஒப்பிட்டுக் குழம்புகிறவர்கள் பலர்.

ஃப்ரிட்ஜில் வைத்து உறைகிறதா என்று பார்க்கும் சோதனையைக் கடலை எண்ணெய்க்கு நம்ப வேண்டாம். பாமாயில் உறையும் என்பது உண்மை. சுத்தமான கடலை எண்ணெயும் அந்தக் குளிரில் கலங்கும், கெட்டிப்படும். கலங்கியதை வைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனால் தவறு நம் பக்கம் இருக்கக்கூடும்.

இனி குறை. செக்கு எண்ணெயில் நாங்கள் மிகவும் கவலைப்படுவது அஃப்ளாடாக்ஸின். ஈரம் உள்ள நிலக்கடலையில் வளரும் பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு அது. கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று உறுதியானது. எண்ணெய் ஆட்டும்போது அதில் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும். ஒரு பங்கு, எண்ணெயில் மிதக்கும் நுண்ணிய துகள்களோடு வந்துவிடும். ரீபைண்ட் செய்யும்போது காரம் (அல்கலி) சேர்த்துக் கழுவுவதும் வெளுக்கும் மண்ணில் வடிப்பதும் அதை ஏறக்குறைய முழுவதும் எடுத்துவிடுகின்றன. செக்கில் அப்படி ஒரு படி இல்லை. ஆகவே பாதுகாப்பு முழுவதும் பருப்பின் தரத்தில்தான் இருக்கிறது. முழுப் பருப்பை மண்டிக்காரர் சமையலுக்கு விற்றுவிட்டு, சுருங்கியதும் உடைந்ததும் நிறம் மாறியதும் செக்குக்கு வந்தால் அந்த எண்ணெயை வீட்டுக்குள் விடக்கூடாது. ஆட்டுவதற்கு முன் மூட்டையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு கைப்பிடி அள்ளினால் சுருங்கியதும் கறுத்ததும் பச்சை பூத்ததும் எத்தனை என்று கண்ணுக்கே தெரியும். பொறுக்கி எடுத்துக் காயவைத்த பருப்பைத்தான் ஆட்டுகிறோம் என்று காட்டக்கூடிய கடையை விட்டுவிடாதீர்கள்.

ஆட்டி வந்த எண்ணெயை மூன்று நாலு நாள் நிழலில் ஆடாமல் தெளியவிட்டு, மேலாக இறுத்து, வெள்ளைத் துணியில் வடிகட்ட வேண்டும். அடி மண்டியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள், நாம் அஞ்சும் துகள்கள் அங்கேதான் தங்கும். வெயிலில் நாட்கணக்கில் வைத்துத் தெளியவைக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஈரம் போகும்தான், ஆனால் வெளிச்சமும் சூடும் சேர்ந்து எண்ணெயைச் சீக்கிரம் காறவைக்கும். சில்வர் தூக்கிலோ இருண்ட நிறக் கண்ணாடியிலோ வைத்து மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். கடை முகப்பில் வெயில்படும்படி அடுக்கிய பாட்டிலை எடுக்காமல் உள்ளே இருப்பதைக் கேளுங்கள். மூடியைத் திறந்ததும் பழைய முறுக்கு டப்பாவின் சிக்கு வாடை வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பூரிக்கு இது ஏன் பொங்குகிறது? வடிகட்டிய பிறகும் இதில் கொஞ்சம் பசைப்பொருளும் ஈரமும் தங்கும். அந்தப் பசை நுரையை உடையவிடாது. சீக்கிரம் கறுக்கவும் அதுவே காரணம். புகையும் சூரியகாந்தியைவிட முன்னதாகவே வரும். கலப்படம் என்று நினைத்துவிட வேண்டாம், பொருளின் இயல்பே அது. தாளிப்பு, பொரியல், குழம்பு, தோசைக்கு இது. நிறைய எண்ணெய் காயவைத்துப் பொரிக்க வேறு.

மதிப்பெண்: சமையலில் பத்துக்கு ஒன்பது. இதயத்துக்கு, ரீபைண்ட் கடலை எண்ணெய்க்கும் இதற்கும் மருந்துக்குக்கூட வேறுபாடு இருப்பதாக எந்தச் சோதனையும் காட்டவில்லை.

செக்கு நல்லெண்ணெய்

எள்ளை ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பார்கள். புண்ணாக்கு இறுகி எண்ணெய் பிரிவதற்கும் கசப்பு தணிவதற்கும் அது. சேர்க்காமல் ஆட்டியது சற்றுக் கசக்கும், அதனால் கெட்டது என்று ஆகாது. எள்ளில் இயற்கையாகவே உள்ள சில பொருள்கள் எண்ணெய் காறுவதைத் தள்ளிப்போடும். அதனால்தான் ஊறுகாய்க்கு இதை ஊற்றினார்கள். புளிக்குழம்பு, இட்லிப்பொடி, எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு மாற்றே கிடையாது. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'தீப எண்ணெய்', 'பூஜை எண்ணெய்' என்று எழுதிய பாட்டில்கள் அதே அலமாரியில், அதே எள் படத்தோடு இருக்கும். அவை சாப்பிட அல்ல.

சூரியகாந்தி

விதையை அழுத்திப் பிழிந்து, மீதியை ஹெக்ஸேன் கரைப்பானால் எடுத்து, பசை நீக்கி, காரம் சேர்த்து, வெளுத்து, கடைசியில் வெற்றிடத்தில் 200 டிகிரிக்கு மேல் நீராவி பாய்ச்சி வாசனை நீக்குவார்கள். ஹெக்ஸேன் 69 டிகிரியிலேயே கொதித்து ஆவியாவது. எண்ணெயிலிருந்து அதை ஓட்டும் வேலை அதற்கு முந்தைய கட்டத்திலேயே பெரும்பாலும் முடிந்து, கடைசிச் சூட்டில் தடம்கூட ஏறக்குறைய தீர்ந்துவிடும். இந்த வேலையில் வைட்டமின் ஈ கொஞ்சமும் மணம் முழுவதும் போகும். பூஞ்சை நஞ்சும் போகும். இழப்பும் உண்டு, ஆதாயமும் உண்டு.

எங்களுக்கு உண்மையான மனத்தாங்கல் இதன் மலிவிலும் மணமின்மையிலும்தான். எவ்வளவு ஊற்றினோம் என்று நாக்குக்குத் தெரிவதில்லை. கடலை எண்ணெய் ஒரு கரண்டி கூடினால் குழம்பு காட்டிக்கொடுத்துவிடும். இது காட்டிக்கொடுக்காது. இரட்டைப் பிணைப்புகள் நிறைந்த லினோலிக் அதிகம் என்பதால், திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுவதிலும் இதுவே முந்தும். புகை வரும் வெப்பம் உயரமாக இருப்பதைப் பார்த்துப் பொரிக்க ஏற்றது என்று முடிவுகட்டுகிறார்கள். புகைவதும் கெடுவதும் ஒன்றல்ல. புகை வராமலே எண்ணெய் கெடும்.

பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று இருக்கும். எந்தத் தாவர எண்ணெயிலும் அது பொருட்படுத்தும் அளவில் கிடையாது. அந்த வரிக்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

தேங்காய் எண்ணெய்

இதில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்ட 16 சோதனைகளை 2020இல் தொகுத்தபோது, தேங்காய் எண்ணெய், கெட்ட கொலஸ்ட்ரால் என்னும் எல்.டி.எல். அளவை ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 10 மில்லிகிராமுக்குச் சற்று மேல் உயர்த்தியது. நல்ல கொலஸ்ட்ரால் என்னும் எச்.டி.எல்.லும் 4 மில்லிகிராம் ஏறியது. அதே நேரம் கொச்சியில் இதய நோயாளிகள் 200 பேரைத் தேங்காய், சூரியகாந்தி என்று பிரித்து இரண்டாண்டு கவனித்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. இரு பிரிவுக்கும் கொழுப்பு அளவிலோ இதய நிகழ்வுகளிலோ வேறுபாடு தென்படவில்லை. 200 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. சின்ன வேறுபாடு இருந்தாலும் அதில் தெரியாது. எங்கள் தீர்ப்பு இதுதான்: அவியலுக்கும் கூட்டுக்கும் மேலே ஊற்றும் ஒரு கரண்டியில் எந்தக் குறையும் இல்லை. எல்.டி.எல். ஏற்கெனவே உயர்ந்திருப்பவர் இதையே முழுச் சமையல் எண்ணெயாக வைத்துக்கொள்ள வேண்டாம். வாங்கும்போது கந்தகப் புகை போடாத கொப்பரையா என்று கேளுங்கள்.

தவிட்டு எண்ணெயும் ரேஷன் பாமாயிலும்

தவிட்டு எண்ணெயைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கொழுப்பின் அமைப்பில் கடலை எண்ணெய்க்குப் பக்கத்து வீடு. எண்ணெய் காறுவதைத் தடுக்கும் ஓரிசனால் என்ற பொருளும் உண்டு. பொரிக்க ஏற்றது, மணம் கிடையாது. பூரி, வடை, அப்பளத்துக்கு எங்கள் முதல் தேர்வு இது.

ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலை ஏளனம் செய்வது தவறு. லட்சக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரிவது அதனால். ஆனால் அதில் நிறைவுற்ற கொழுப்பு 45 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது, எல்.டி.எல்.லை ஏற்றும் பால்மிடிக் அமிலமே அதில் பெரும்பங்கு. மாதம் அந்த ஒரு லிட்டரை எப்போதாவது பொரிப்பதற்கு வைத்துக்கொண்டு, அன்றாடத் தாளிப்புக்குக் கடலை எண்ணெயோ தவிட்டு எண்ணெயோ வாங்கினால் செலவும் அடங்கும், விகிதமும் சரியாகும். நாம் தெரியாமல் சாப்பிடும் பாமாயில்தான் அதிகம்: பிஸ்கட், மிக்சர், பரோட்டா, பேக்கரி பப்ஸ். வனஸ்பதியின் டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 ஜனவரி முதல் 2 சதவீத உச்சவரம்பு வந்துவிட்டது. இதயத்துக்காக இந்தியாவில் எண்ணெய் விஷயத்தில் எடுத்த மிகப் பயனுள்ள முடிவு அது என்று உறுதியாகச் சொல்வோம்.

எவ்வளவு வாங்குவது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2,000 கலோரி உணவுக்கு ஒருவருக்கு ஒரு நாள் எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம். அதாவது 30 மில்லி. நாலு பேர் வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர், நெய்யும் அதற்குள்தான். பலர் வீட்டு மளிகைச் சீட்டில் ஐந்தும் ஆறும் இருக்கும். தோசைக்கு ஒரு சிறு கரண்டி, அதாவது 5 மில்லி என்று வைத்தாலும், மூன்று தோசையில் ஒருவரின் அன்றைய பங்கில் பாதி தீர்ந்துவிடுகிறது. மாத முதல் தேதியில் மூன்றரை லிட்டரைத் தனியாக எடுத்து வைத்து, எந்தத் தேதியில் தீர்கிறது என்று நாள்காட்டியில் குறித்துப் பாருங்கள். செக்கா ரீபைண்டா என்ற விவாதத்தைவிட அந்தத் தேதி அதிகம் சொல்லும்.

நாலு பேர் வீட்டுக்கு எங்கள் பட்டியல்: செக்குக் கடலை எண்ணெய் ஒன்றரை லிட்டர், நல்லெண்ணெய் அரை லிட்டர், தவிட்டு எண்ணெய் ஒரு லிட்டர், மீதி அரை லிட்டர் அளவுக்குத் தேங்காய் எண்ணெயும் நெய்யும். செக்குக்குப் பணம் போதாதென்றால் அந்த இடத்தில் ரீபைண்ட் கடலை எண்ணெய் போடுங்கள், இதயத்துக்கு அதனால் நஷ்டமில்லை. இந்த ஆறு எண்ணெய்களில் ஒன்றிலும் சொல்லும்படியாக ஒமேகா 3 கிடையாது. அதற்கு வாரம் இரண்டு நாள் மத்தியோ அயிலையோ குழம்பாக வைக்கலாம். மீன் சாப்பிடாதவர்கள் ஆளிவிதையைப் பொடித்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

பொரித்து மிஞ்சிய எண்ணெயை ஆறவைத்து வடிகட்டி, இரண்டு நாளுக்குள் தாளிப்பில் தீர்த்துவிட வேண்டும். மறுபடி வாணலி நிறைய ஊற்றிப் பொரிக்கக் கூடாது. கடைகளுக்கு 2018 ஜூலை முதல் சட்டமே இருக்கிறது: காய்ச்சக் காய்ச்ச எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருள்கள் (துருவச் சேர்மங்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் கொட்டிவிட வேண்டும். வீட்டில் அதை அளக்கக் கருவி இல்லை. நுரை அடங்காமல் நின்றால், கரண்டியிலிருந்து நூல்போல ஒழுகினால், முன்பைவிடச் சீக்கிரம் புகைந்தால், அந்த எண்ணெயின் வேலை முடிந்தது. அதைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைக்கும். பழைய பாட்டிலில் மூடி வைத்து, பயன்படுத்திய எண்ணெயைப் பயோடீசலுக்குச் சேகரிப்பவர்கள் உங்கள் ஊரில் இருந்தால் அவர்களிடம் கொடுத்துவிடலாம்.